ஆண் இனப்பெருக்க உறுப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொத்தம் என்னென்ன உறுப்புகள்? எது எதோடு இணைகிறது?

விந்தணு போகிற வழியில் கூடவே போனால் வரிசை மறக்காது. விரைப்பைக்குள் இரண்டு விரைகள் (பாடநூலில் விந்தகம்). ஒவ்வொன்றும் 4 முதல் 5 செ.மீ. நீளம், வளர்ந்த ஆணுக்கு சுமார் 15 முதல் 25 மி.லி. கொள்ளளவு. உள்ளே நூல் போன்ற நுண்குழல்கள். பிரித்து நீட்டினால் நூற்றுக்கணக்கான மீட்டர் வரும். அங்கே பிறக்கும் விந்தணு, விரையின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் எபிடிடிமிஸுக்குப் போகிறது. இதுவும் சுருண்ட குழல்தான், நீட்டினால் சுமார் 6 மீட்டர். பிறகு விந்து நாளம்: தொடை இடுக்கு வழியாக வயிற்றுக்குள் ஏறி, சிறுநீர்ப்பைக்குப் பின்னால் வளைந்து இறங்குகிறது. அங்கே விந்துப்பையின் (விந்துக்கான திரவம் சுரக்கும் பை) குழாயோடு சேர்ந்து, புராஸ்டேட் சுரப்பிக்குள் நுழைந்து சிறுநீர்க் குழாயில் திறக்கிறது. சிறுநீருக்கும் விந்துக்கும் அதன் பிறகு ஒரே பாதை.

இந்த உறுப்புகள் செய்வது நான்கு வேலை: விந்தணு தயாரிப்பது, டெஸ்டோஸ்டிரோன் சுரப்பது, விறைப்பது, விந்தை வெளியேற்றுவது. நான்கையும் ‘ஆண்மை’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவதால்தான் பாதி பயம். விறைப்பு நன்றாக இருக்கும், விந்தணு ஒன்றுகூட இருக்காது. விந்தணு கோடிக்கணக்கில் இருக்கும், விறைப்பு இருக்காது. கீழே வரும் பெரும்பாலான கேள்விகளுக்கு, எந்த வேலையில் கோளாறு என்று பிரித்துப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

விரைகள் ஏன் வெளியே தொங்குகின்றன? ஒன்று மட்டும் கீழே இறங்கியிருக்கிறதே?

விந்தணு உற்பத்திக்கு உடல் வெப்பத்தைவிட 2 முதல் 3 டிகிரி செல்சியஸ் குறைவாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. குளிரில் விரைப்பையின் தோல் சுருங்கி, கிரிமாஸ்டர் தசை விரையை மேலே இழுக்கும். வெயிலில் தளர்ந்து தொங்கும். போதாததற்கு, விரைக்குள் இறங்கும் தமனியைச் சுற்றி சிரைகள் வலைபோல் படர்ந்து, உள்ளே போகிற ரத்தத்தைக் குளிர்வித்தே அனுப்புகின்றன.

பெரும்பாலானோருக்கு இடது விரை சற்றுத் தாழ்ந்திருக்கும். இரண்டுக்கும் அளவில் சிறு வித்தியாசமும் இருக்கலாம். கவனிக்க வேண்டியது திடீர் மாற்றத்தை: சிறிதாகிக்கொண்டே போவது, கல் போல் கெட்டியாவது, திடீரென்று மேலே ஏறி வலிப்பது.

ஒரு விந்தணு உருவாக எத்தனை நாள் ஆகும்?

விரைக்குள் சுமார் 64 முதல் 74 நாள். எபிடிடிமிஸில் முதிர்ந்து நீந்தக் கற்க மேலும் சில நாள் முதல் இரண்டு வாரம் வரை. கூட்டினால் ஏறக்குறைய மூன்று மாதம்.

இந்தக் கணக்கு தெரியாமல் ஏமாறுபவர்கள் அதிகம். டெங்கு, டைபாய்டு போன்ற கடும் காய்ச்சல் வந்து போனால், அதன் அடி அடுத்த இரண்டு மூன்று மாதங்களில் எடுக்கும் விந்துப் பரிசோதனையில் தெரியும். பிறகு தானாகச் சரியாகிவிடும். அந்த இடைவெளியில் எந்தச் சூரணம் சாப்பிட்டிருந்தாலும் அதற்குத்தான் பெயர் கிடைக்கும். அதேபோல் புகையை நிறுத்தியோ மருந்து தொடங்கியோ பத்து நாளில் மறுபரிசோதனை செய்வதில் பயனில்லை.

விந்து முழுவதும் விந்தணுக்கள்தானா?

இல்லை. விந்தணுக்களின் பங்கு நூற்றில் 5 பாகத்துக்குள்தான். சுமார் 65 முதல் 75 சதவீதம் விந்துப்பைகளின் திரவம். அதில் உள்ள ஃபிரக்டோஸ் சர்க்கரைதான் விந்தணுவுக்கு எரிபொருள். மீதியில் பெரும்பகுதி புராஸ்டேட்டிலிருந்து வருகிறது. விந்து வருமுன் கசியும் பிசுபிசுப்பான நீர், சிறுநீர்க் குழாயை ஒட்டிய கௌப்பர் என்ற சிறு சுரப்பிகளுடையது. சிறுநீர்க் குழாயில் தங்கிய அமிலத்தை அது மாற்றிவிடுகிறது. அந்த நீரிலும் சிலருக்கு உயிருள்ள விந்தணு இருக்கும் என்பதால், கடைசி நொடியில் விலகுவதை நம்பகமான கருத்தடையாகக் கொள்ள முடியாது.

வெளியேறியதும் கட்டியாக இருப்பதும், 15 முதல் 30 நிமிடத்தில் நீர்த்துப்போவதும் இயல்பு. பல நாள் இடைவெளிக்குப் பிறகு லேசான மஞ்சள் நிறமும் இயல்பே. சிவப்போ பழுப்போ தெரிந்தால் ரத்தம். நாற்பது வயதுக்குள் ஒருமுறை வந்து நின்றால் பெரும்பாலும் ஆபத்தில்லாதது. திரும்பத் திரும்ப வந்தாலும், நாற்பதைத் தாண்டியவருக்கு வந்தாலும் சிறுநீரக அறுவை நிபுணரிடம் காட்ட வேண்டும்.

விந்து வெளியேறினால் உடல் பலம் போகுமா?

போகாது. ‘விந்து விட்டான் நொந்து கெட்டான்’ என்ற பழமொழியும், ஒரு துளி விந்துக்கு இத்தனை துளி ரத்தம் என்ற கணக்கும் தலைமுறை தலைமுறையாக ஓடுகின்றன. உண்மைக் கணக்கு இது: ஒருமுறை வெளியேறுவது சராசரியாக 3 மி.லி. 100 மி.லி. விந்தில் சுமார் 5 கிராம் புரதம். ஆக ஒருமுறைக்கு 0.15 கிராம். ஒரு கோழிமுட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. நாற்பது முறை வெளியேறினால்தான் ஒரு முட்டைக்குச் சமம்.

சேமித்து வைத்தால் பெருகும் பொருளும் அல்ல இது. வெளியேறாத விந்தணு முதுமையடைந்து, சிதைந்து, உடலிலேயே உறிஞ்சப்படும். சுய இன்பத்தாலோ உறக்கத்தில் வெளியேறுவதாலோ (சொப்பன ஸ்கலிதம்) நரம்புத் தளர்ச்சி வராது, உறுப்பு சிறுக்காது, வளையாது, முடி கொட்டாது.

மலம் கழிக்க முக்கும்போது ஓரிரு சொட்டு வெள்ளையாக வருவது, புராஸ்டேட்டும் விந்துப்பையும் அழுத்தப்படுவதால். சிறுநீர் கலங்கலாகத் தெரிவது பெரும்பாலும் பாஸ்பேட் உப்பு. இவற்றை ‘தாது போகிறது’ என்று பயந்து சோர்வும் தூக்கமின்மையும் வரை போகிற நிலையை மனநல மருத்துவம் ‘தாத் நோய்க்குறி’ என்று தனியாகவே குறித்து வைத்திருக்கிறது. நள்ளிரவுத் தொலைக்காட்சியில் ‘இளமையில் செய்த தவறு’ என்று தொடங்கி, மாதம் ஒருமுறை லாட்ஜில் அறை எடுத்து வைத்தியம் பார்ப்பவர்களின் முதலீடே இந்தப் பயம்தான். எரிச்சலோடு சீழ் போல் வடிந்தால் கதை வேறு. அது பால்வினைத் தொற்றாக இருக்கலாம். ஆன்டிபயாடிக் வேண்டும், துணைக்கும் சேர்த்து.

விறைப்பு எப்படி ஏற்படுகிறது? ஏன் தவறுகிறது?

ஆணுறுப்பில் எலும்பு இல்லை. மேல்பக்கம் இரண்டு குகைத்திசுத் தூண்கள், கீழ்ப்பக்கம் சிறுநீர்க் குழாயைச் சூழ்ந்து ஒரு பஞ்சுத்திசுத் தூண். கிளர்ச்சியில் நரம்பு முனைகளிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு வெளிப்பட்டு, தமனிகளின் தசை தளர்கிறது. ரத்தம் பாய்ந்து தூண்கள் உப்ப, அவற்றின் கெட்டியான உறைக்கு அடியில் சிரைகள் நசுங்கி ரத்தம் திரும்பிப் போக முடியாமல் நிற்கிறது. ஆக விறைப்பு என்பது ரத்த ஓட்டத்தின் வேலை. நரம்பும் மனமும் திறவுகோல்கள். பயத்தில் அட்ரினலின் ஏறினால் அதே தமனிகள் சுருங்கும். முதலிரவில் பலருக்குத் தவறுவது இதனால்தான்.

காரணம் மனமா உடலா என்று பிரிக்க ஒரு எளிய குறி உண்டு. நலமான ஆணுக்குக் கனவு வரும் உறக்கக் கட்டங்களில், இரவில் மூன்று முதல் ஐந்து முறை தானாக விறைக்கும். விடியலில் தெரிவது அதன் கடைசி. காலை விறைப்பு நன்றாக இருந்து, துணையோடு மட்டும் தவறினால் குழாய்களும் நரம்புகளும் சரியாகவே இருக்கின்றன. எல்லா நேரத்திலும் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வந்தால் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, புகை, சில மருந்துகள் என்று தேட வேண்டும். ஆணுறுப்பின் தமனி 1 முதல் 2 மி.மீ.தான், இதயத் தமனி 3 முதல் 4 மி.மீ. அடைப்பு முதலில் சிறிய குழாயில் தெரியும். அதனால் நாற்பது, ஐம்பது வயதில் புதிதாக வரும் விறைப்புக் குறைவுக்கு மாத்திரை வாங்குமுன் இதயத்தையும் பார்த்துவிடுவது நல்லது.

சில்டெனாஃபில் (வயாகரா) மாத்திரை விறைப்பை உண்டாக்காது, கிளர்ச்சியால் வருவதை நீடிக்கச் செய்யும். சுமார் ஒரு மணி நேரம் முன்பு போட வேண்டும். பிரியாணி சாப்பிட்ட கையோடு போட்டால் தாமதமாகும். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் இதைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போய் உயிர் போகலாம். சில்டெனாஃபில் போட்டவருக்கு நெஞ்சுவலி வந்தால், அதைப் போட்டிருப்பதை வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

எந்தக் காரணத்தாலும் விறைப்பு 4 மணி நேரத்துக்கு மேல் தணியாமல் வலித்தால் அவசரச் சிகிச்சைப் பிரிவு. உறவின்போது ‘டொக்’ என்ற சத்தம், உடனே தளர்ச்சி, வீக்கம், கத்தரிக்காய் நிறம் என்றால் உறை கிழிந்திருக்கிறது. அன்றே தைக்க வேண்டும்.

அளவு போதுமா?

2015-இல் பல நாடுகளின் 15,521 ஆண்களின் அளவுகளைத் தொகுத்த ஆய்வில் சராசரி, தளர்ந்த நிலையில் 9.16 செ.மீ., விறைத்த நிலையில் 13.12 செ.மீ. அளக்கும்போது அடிவயிற்றுக் கொழுப்பை எலும்புவரை அழுத்தி அளக்க வேண்டும். தொப்பை இருப்பவருக்கு உறுப்பு சிறுத்துவிடவில்லை, புதைந்திருக்கிறது. அளவைக் கூட்டும் எண்ணெயோ லேகியமோ கிடையாது.

விந்து வரும் உணர்வு இருக்கிறது, ஆனால் எதுவும் வெளியே வருவதில்லை. ஏன்?

விந்து வெளியேறும் நொடியில் சிறுநீர்ப்பையின் கழுத்து இறுக மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் விந்து பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும்; அடுத்துப் போகும் சிறுநீர் கலங்கலாக இருக்கும். நெடுநாள் சர்க்கரை நோயில் நரம்பு பாதிப்பாலும், புராஸ்டேட் அறுவைக்குப் பிறகும் இது வரும். புராஸ்டேட் பெருத்தவர்களுக்குத் தரும் டாம்சுலோசின் போன்ற மாத்திரைகளாலும் விந்து குறையும் அல்லது நிற்கும். உடலுக்குக் கெடுதல் இல்லை. குழந்தை வேண்டுமென்றால் மருந்தை மாற்றலாம், அல்லது சிறுநீரிலிருந்தே விந்தணுவைப் பிரித்தெடுக்கலாம்.

விந்துப் பரிசோதனைக்கு எப்படிக் கொடுப்பது? அறிக்கையை எப்படிப் படிப்பது?

2 முதல் 7 நாள் இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு மாதம் ‘சேர்த்து வைத்து’க் கொடுத்தால் கிழட்டு அணுக்கள்தான் அதிகம் வரும். எச்சில், எண்ணெய், சோப்பு எதுவும் படக்கூடாது. கடையில் விற்கும் ஆணுறையில் சேகரிக்கக் கூடாது. முதல் சொட்டுகளில்தான் விந்தணு அதிகம். அவை சிந்திவிட்டால் மறைக்காமல் லேபில் சொல்லுங்கள். வீட்டில் எடுத்தால் முடிந்தவரை அரை மணி நேரத்தில், அதிகபட்சம் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோக வேண்டும். டப்பா உடலை ஒட்டிச் சட்டைக்குள் இருக்கட்டும், ஐஸ் வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி கீழ் எல்லைகள்: அளவு 1.4 மி.லி., ஒரு மி.லி.க்கு 1 கோடியே 60 லட்சம் அணுக்கள், மொத்தம் 3 கோடியே 90 லட்சம், அசைபவை 42 சதவீதம், முன்னோக்கி நீந்துபவை 30 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம். ஆம், நான்கே சதவீதம். அறிக்கையில் ‘96% வடிவக் கோளாறு’ என்று பார்த்து இடிந்துபோக வேண்டியதில்லை. இந்த எண்கள் வெற்றி தோல்விக் கோடும் அல்ல. ஓராண்டுக்குள் மனைவி கருவுற்ற ஆண்களில், நூற்றுக்கு ஐந்து பேர் இந்த எல்லைக்கும் கீழேதான் இருந்தார்கள்.

ஒரு அறிக்கையை வைத்து முடிவு கட்டக் கூடாது. மறுமுறை எடுக்க வேண்டும். இரண்டிலும் அணுவே இல்லையென்றால் அடுத்த கேள்வி, உற்பத்தி இல்லையா, பாதை அடைப்பா என்பது. விந்தின் அளவு குறைவு, அமிலத்தன்மை, ஃபிரக்டோஸ் இல்லை என்றால் பாதையில் கோளாறு: விந்து நாளம் பிறவியிலேயே இல்லாதிருக்கலாம், அல்லது புராஸ்டேட்டுக்குள் வெளியேறும் குழாய் அடைபட்டிருக்கலாம். விந்தின் அளவு சரி, ஆனால் விரைகள் சிறியவை, ரத்தத்தில் எஃப்.எஸ்.எச். (விரையை வேலை வாங்கும் பிட்யூட்டரி ஹார்மோன்) எகிறியிருக்கிறது என்றால் உற்பத்தியில் கோளாறு. குரோமோசோம் பரிசோதனை தேவைப்படும். அடைப்பு என்றால் விரையிலிருந்தே ஊசியால் அணு எடுத்துக் குழந்தை பெறும் வாய்ப்பு நன்றாகவே உண்டு.

வேரிகோசில் என்றார்கள். அறுவை அவசியமா?

விரையின் சிரைகள் புடைத்து, நின்றால் புழுப்பொட்டலம் போல் கைக்குத் தட்டுப்படுவது வேரிகோசில். ஆண்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கு இருக்கிறது. பெரும்பாலும் இடப்பக்கம், ஏனென்றால் இடது விரைச் சிரை நீண்டு மேலேறி, சிறுநீரகச் சிரையில் செங்குத்தாகச் சேர்கிறது; ரத்தம் தேங்க வசதி. கைக்குத் தட்டுப்பட்டு, விந்து அறிக்கையும் மோசமாக இருந்து, குழந்தையும் தாமதமானால் அறுவை பலன் தரலாம். ஸ்கேனில் மட்டும் தெரியும் சிறு வேரிகோசிலுக்குக் கத்தி வைப்பது வீண். படுத்தாலும் அடங்காதது, வலப்பக்கம் மட்டும் புதிதாக வந்தது என்றால் வயிற்று ஸ்கேன் எடுக்க வேண்டும். சிறுநீரகக் கட்டி சிரையை அடைத்திருக்கலாம்.

ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் ஆண்மை கூடுமா?

தசை கூடும், விந்தணு போய்விடும். மூளையின் பிட்யூட்டரி சுரப்பி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களால் விரையை வேலை வாங்குகிறது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏறியதும், ‘போதும்’ என்று பிட்யூட்டரி இரண்டையும் நிறுத்திவிடும். விந்தணு உருவாக விரைக்குள் இருக்க வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் அளவு ரத்தத்தில் இருப்பதைப்போலப் பல மடங்கு. ஊசியால் அதை ஈடுகட்ட முடியாது. விரை சுருங்கும், எண்ணிக்கை பூச்சியத்துக்கும் போகும். நிறுத்திய பின் மீள ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை ஆகலாம், சிலருக்கு முழுதாக மீளாது. குழந்தைக்கு முயற்சி செய்பவருக்கு டெஸ்டோஸ்டிரோன் எழுதிக்கொடுப்பது மருத்துவப் பிழை.

விரையில் திடீர் வலி. காலைவரை பொறுக்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். விரை தன் ரத்தக் குழாய்க் கொடியில் முறுக்கிக்கொண்டால் ரத்தம் நின்றுவிடும். 6 மணி நேரத்துக்குள் பிரித்துவிட்டால் பெரும்பாலும் விரை பிழைக்கும். 12 மணி தாண்டினால் வாய்ப்பு வேகமாகச் சரியும். ஒரு நாள் கடந்தால் பெரும்பாலும் எடுத்துவிட வேண்டியதுதான்.

12 முதல் 18 வயதில் அதிகம். தூக்கத்திலிருந்தே வலியால் எழுந்துவிடுவார்கள். பையன் வெட்கப்பட்டு ‘வயிறு வலிக்குது’ என்றுதான் சொல்வான், வாந்தியும் இருக்கும். வீட்டில் ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைப்பார்கள். வயிற்றுவலி என்று வரும் பையனின் ஜட்டியை இறக்கிப் பார்க்காத மருத்துவர் தவறு செய்கிறார். விரை மேலே ஏறி, குறுக்காகக் கிடந்து, உள்தொடையை வருடினால் மேலே அசைய வேண்டிய விரை அசையாமல் இருந்தால் முறுக்கு என்றே கொள்ள வேண்டும். ஸ்கேனுக்காகக் காத்திருந்து நேரத்தைத் தொலைக்கக் கூடாது. அறுவையில் மறுபக்க விரையையும் சேர்த்துத் தைத்து நிறுத்துவார்கள், அதுவும் முறுக்கும் வாய்ப்பு இருப்பதால்.

மெதுவாக ஓரிரு நாளில் ஏறும் வலி, காய்ச்சல், சிறுநீர் எரிச்சல் என்றால் எபிடிடிமிஸ் தொற்றாக இருக்கும். பருவமடைந்த பின் பொன்னுக்கு வீங்கி வந்தவர்களில் சிலருக்கு, கன்னம் வீங்கிய சில நாட்களில் விரையும் வீங்கும். பெரும்பாலும் ஒரு பக்கம்தான் என்பதால் முழு மலட்டுத்தன்மை அரிது.

வலியே இல்லாத வீக்கம்?

இருட்டறையில் மொபைல் டார்ச்சை வீக்கத்தின் பின்னால் வைத்துப் பாருங்கள். சிவப்பாக ஒளிர்ந்தால் பெரும்பாலும் விரைவாதம் எனப்படும் ஹைட்ரோசில், நீர் கோத்தது. இருமினால் பெருத்து, படுத்தால் உள்ளே போய், வீக்கத்துக்கு மேலே விரல் நுழைய இடமில்லாமல் இருந்தால் குடலிறக்கம். யானைக்கால் பரவிய ஊர்களில் ஹைட்ரோசிலுக்கு ஃபைலேரியா புழுவே முக்கியக் காரணம். சாக்கடை நீரில் வளரும் க்யூலெக்ஸ் கொசு பரப்புவது. ஊசியால் நீரை எடுத்தால் திரும்பக் கோக்கும்; சிறு அறுவைதான் தீர்வு.

ஒளி ஊடுருவாத, வலிக்காத, விரையோடு ஒட்டிய கெட்டிக் கட்டியைப் புற்று என்றே சந்தேகிக்க வேண்டும், அதுவும் 15 முதல் 40 வயதில். தொடக்கத்தில் பிடித்தால் நூற்றில் 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள். விரைப்பை வழியாக ஊசி குத்திச் சதை எடுத்துச் சோதிக்கக் கூடாது, பரவும் பாதை மாறிவிடும். தொடை இடுக்கு வழியாகத்தான் விரையை எடுக்க வேண்டும்.

குழந்தைக்கு விரை இறங்கவில்லை. எவ்வளவு நாள் பார்க்கலாம்?

ஆறு மாதம். அதற்குள் இறங்காதது பிறகு இறங்குவது அரிது. 6 முதல் 18 மாதத்துக்குள் இறக்கித் தைத்துவிட வேண்டும். தாமதித்தால் விந்தணு செல்கள் வெப்பத்தில் அழியும், பின்னாளில் புற்று வாய்ப்பும் கூடும். வெந்நீரில் உட்கார வைத்தால் கீழே வந்து நிற்கிறது, குளிரில் ஏறுகிறது என்றால் அது வெறும் தசை இழுப்பு, கண்காணித்தால் போதும்.

முன்தோல் பின்னால் போகவில்லை, வெடிக்கிறது.

சிறுவனுக்கு ஒட்டியிருப்பது இயல்பு, இழுத்துக் கிழிக்காதீர்கள். பெரியவருக்குப் புதிதாக வெடிப்பும் அரிப்பும் வந்தால் முதலில் ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். நீரிழிவு பலருக்கு இங்கேதான் முதலில் முகம் காட்டுகிறது. பின்னால் தள்ளிய தோல் திரும்ப வராமல் வீங்கிக்கொண்டால் அது அவசரம்.

குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டால் வீரியம் குறையுமா?

வெட்டுவது விந்து நாளத்தை மட்டும். டெஸ்டோஸ்டிரோன் நாளத்தில் போவதில்லை, ரத்தத்தில் போகிறது. விந்தின் அளவும் கண்ணுக்குக் குறையாது, ஏனென்றால் போவது அந்த 5 சதவீதம்தான். தழும்பில்லா வாசெக்டமி 10 முதல் 20 நிமிடத்தில், மரத்துப்போகும் ஊசியோடு முடிகிறது. ஒரு வாரம் பாரம் தூக்க வேண்டாம். தவறு நடப்பது அதற்குப் பிறகு: வெட்டுக்கு மேலே ஏற்கெனவே ஏறிவிட்ட அணுக்கள் இன்னும் அங்கே இருக்கும். மூன்று மாதம் ஆணுறையோடு இருந்து, விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று எழுதி வாங்கும்வரை கருத்தரிப்பு நடக்கலாம். அந்தப் பரிசோதனைக்குப் போகாதவர்கள்தான் மனைவி கருவுற்றதும் வீட்டில் சண்டை போடுகிறார்கள்.

வயதானால் சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போவது?

இளமையில் 20 கிராம் உள்ள புராஸ்டேட், வயதோடு பெருத்துச் சிறுநீர்க் குழாயை நெருக்குகிறது. இந்தச் சாதாரணப் பெருக்கம் சுரப்பியின் நடுப்பகுதியில். புற்று பெரும்பாலும் வெளிப்பகுதியில். அதனால் புற்று தொடக்கத்தில் எந்தத் தொல்லையும் காட்டாது. புராஸ்டேட் புற்றைத் தேட எடுக்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனைக்கு முன் இரண்டு நாள் விந்து வெளியேற்றமும் நெடுந்தூர சைக்கிளும் வேண்டாம். சிறுநீர்த் தொற்று இருந்தால் அது ஆறும்வரை தள்ளிப்போடுங்கள், எண் பொய்யாக ஏறும். புராஸ்டேட் பெருத்தவர் சளிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையால் சிறுநீர் அடியோடு அடைத்துக்கொண்டு, அன்றிரவே டியூப் போட வேண்டி வருவது உண்டு. கடையில் முதலில் புராஸ்டேட் இருப்பதைச் சொல்லிவிட்டு மாத்திரை கேளுங்கள்.